போர்க்காலக் கதையில் சிறுமி கதை சொன்னால், அவள் குணம் எங்கே தெரிகிறது?

முதுநகர் வாசகி:

நம் வாசகர் குழுவின் போன கூட்டத்தில், உப்பனாறு என்ற பெயரில் எழுதுபவர் வாசித்த தன் கதையைப் பற்றிப் பேச அங்கே நேரம் போதவில்லை. பேசியவர்கள் பெரும்பாலும் ஒன்றையே சொன்னார்கள்: "பாவம், ஒன்றும் அறியாத பிள்ளை." எனக்கு அதில் சம்மதமில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வராதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1941 கார்த்திகையிலிருந்து 1942 ஆடி வரை, கடலூர் ஓ.டி.யில், அதாவது துறைமுகம் இருக்கிற பழைய நகரில், ஒரு வீடு. கதை சொல்பவள் ஒன்பது வயதுப் பெண். அப்பா ரங்கூனில் அரிசி மண்டி ஒன்றில் கணக்குப்பிள்ளை. வீட்டில் ஆயா (அப்பாவைப் பெற்றவள்), அம்மா, கைக்குழந்தையாக ஒரு தம்பி. பெரியவர்கள் இருவருக்கும் படிக்கத் தெரியாது. அப்பாவின் கடிதத்தைப் படித்துக் காட்டுவது இவள் வேலை. கடிதம் வந்த அன்றைக்கு ஆயா இவளைத் தன் பாயில் பக்கத்தில் உட்காரவைப்பாள், படித்து முடித்ததும் ஒரு துண்டு வெல்லம் கொடுப்பாள். ரங்கூனில் குண்டு விழுகிறது. கடிதம் நின்றுபோகிறது. சித்திரையில் மதராஸிலிருந்து பெரியப்பா குடும்பம் வந்து இறங்குகிறது, கூடவே இவள் வயதில் ஒரு பையன். ஆயாவுக்குப் பக்கத்தில் இவள் படுத்திருந்த இடம் அவனுக்குப் போய்விடுகிறது. பெட்டியிலிருந்த பழைய கடிதம் ஒன்றை எடுத்து, தபால்காரர் தெருமுனையில் கொடுத்தார் என்று சொல்லி, இவள் ஆயாவுக்குப் படிக்கிறாள். அதில் இல்லாததையும் சேர்த்துப் படிக்கிறாள். ஆடியில் அப்பா நடந்தே வந்து சேர்கிறார். ஆயா அவரிடம், "நீ போட்ட காயிதமெல்லாம் பத்திரமா இருக்கு, கொண்டாந்து காட்டுடி" என்கிறாள். அவள் பெட்டியைத் திறக்கப் போகிற இடத்தில் கதை நிற்கிறது. அதன்பின் பெரியவளான குரலில் ஒரு பத்தி வருகிறது.

இனி என் கட்சி. ஒன்பது வயது என்பது வயதுதான், அது ஒரு குணமாகிவிடாது. போரைப் பற்றி நாம் எழுதும் கதைகளில் குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்தினாலே போதும் என்று நினைத்துவிடுகிறோம். அது பார்க்கும், பயப்படும், அழும். எந்தக் குழந்தையை அங்கே நிறுத்தினாலும் கதை மாறாது. இந்தக் கதையில் அப்படி மாற்றி நிறுத்த முடியாது. இவள் உடைமைக்காரி. இரண்டாவதாக இருப்பது இவளுக்கு ஒரு நாளும் ஒத்துவராது. உலகப் போர் இவள் வீட்டுக்குள் கொண்டுவரும் ஒவ்வொன்றையும், தன் இடம் உயர்ந்ததா தாழ்ந்ததா என்ற ஒரே கணக்கில்தான் பார்க்கிறாள்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று அந்த ஒட்டுத்தாள். போர்க்காலத்தில் தபாலைத் தணிக்கைக்காரர்கள் பிரித்துப் படித்து, ஓரத்தில் தாள் ஒட்டி அனுப்பினார்கள். 1937லேயே பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்துவிட்டதால் ரங்கூன் கடிதம் வெளிநாட்டுத் தபால். கதையில் அப்படி ஒரு உறை வருகிறது. வேறொரு எழுத்தாளராக இருந்தால், "அது என்ன காகிதம் ஆயா?" என்று அந்தப் பெண்ணை வெகுளியாகக் கேட்கவைத்திருப்பார். இவள் என்ன செய்கிறாள்? தனக்கு முன்னால் யாரோ ஒருவர் அந்தக் கடிதத்தைப் படித்திருக்கிறார் என்பது அந்த நிமிஷமே அவளுக்குப் புரிந்துவிடுகிறது. கோபம் வருகிறது. ஒட்டுத்தாளை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்து அடுப்பில் போடுகிறாள். "எனக்குக் கோபம்" என்று ஒரு வார்த்தை இல்லை. போரில் யார் யாரோடு மோதுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. தன் பதவியில் பங்கு கேட்க யாரோ வந்துவிட்டான் என்பது தெரிகிறது.

இன்னொன்று, முதல் பொய்க்கடிதம். ஆயாவை ஆறுதல்படுத்தத்தான் பொய் சொன்னாள் என்று கூட்டத்தில் சொன்னவர்கள் தயவுசெய்து அந்தப் பக்கத்தை மறுபடி பாருங்கள். "நான் சௌக்கியம், எல்லோர் சௌக்கியத்துக்கும் எழுதவும்" என்பதுவரை பழைய கடிதம். அதற்குப் பிறகு இவள் சேர்த்த முதல் வரி எது? மதராஸ் பையனுக்குக் காற்றோட்டம் வேண்டும், திண்ணையில் படுக்கட்டும் என்பது. ரங்கூனில் இருக்கிற அப்பாவுக்கு மதராஸ் பையன் வந்தது எப்படித் தெரியும் என்ற யோசனைகூட அவளுக்கு இல்லை. அவ்வளவு அவசரம்.

கெடிலக்கரை:

அம்மா, நன்றாகச் சொன்னீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ் வாத்தியாராக இருந்தவன் என்ற முறையில் இரண்டு விஷயம் சேர்க்கிறேன். ஒன்று பாராட்டு, இன்னொன்று குறை.

பாராட்டு, காலத்தைக் கதைக்குள் கொண்டுவந்த விதத்துக்கு. ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. கிறிஸ்துமஸ் அன்றும் விழுந்தது. 1942 மார்ச் 8ஆம் தேதி ஜப்பானியர் ஊருக்குள் வந்துவிட்டார்கள். கதையில் குண்டு விழுந்த செய்தி பத்திரிகை வழியாகக் கடைத்தெருவுக்கு வந்த பிறகு, அதற்கு முன்னால் எழுதப்பட்ட கடிதம் ஒன்று வீட்டுக்கு வருகிறது. அதில் அப்பா, இங்கே ஒன்றும் பயமில்லை என்கிறார். பத்திரிகையை நம்புவதா, கடிதத்தை நம்புவதா? தேதியைப் பார்க்கத் தெரிந்தவள்தான் அவள். பார்க்கவும் செய்கிறாள். பார்த்த தேதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறாள். என்னைக் கேட்டால் அவள் செய்த முதல் திருட்டு அதுதான், பொய்க்கடிதம் அதற்குப் பிறகு வந்தது. ஏன் சொல்லவில்லை? சொன்னால் ஆயா அழுவாள் என்பதற்காகவா, கடிதத்தின் மதிப்பு குறைந்துவிடும் என்பதற்காகவா? இரண்டுக்கும் கதையில் இடம் இருக்கிறது.

மண்ணெண்ணெயையும் கவனியுங்கள். பர்மா எண்ணெய் நின்றதும் இங்கே விளக்குக்குத் தட்டுப்பாடு வந்தது. அதைத் தகவலாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை உப்பனாறு. இரவில் விளக்கடியில், ஆயாவும் இவளும் மட்டும் இருந்து படித்த கடிதத்தைப் பகலில் கூடத்தில் படிக்க வேண்டியதாகிறது. எல்லோர் காதிலும் விழுகிறது. அந்தப் பையன் தூணில் சாய்ந்துகொண்டு கேட்கிறான். விளக்கு போனதால் அவள் இழந்தது என்ன என்பது அந்தத் தூணில் தெரிகிறது.

குறை மொழியில். நான்காம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, "வீட்டின் மௌனம் என் மேல் கனத்தது" என்று சொல்லுமா? அந்த இடத்தில் உப்பனாறு பேனாவைப் பிடுங்கிக்கொண்டுவிட்டார். அதற்காக மழலையும் வேண்டாம், ஒன்பது வயதுப் பிள்ளை மழலை பேசாது. இவளுக்கென்று ஒரு மொழி கதையிலேயே இருக்கிறது. மாதாமாதம் கடிதம் படித்து வளர்ந்தவள். அதனால் கடிதத் தமிழ் அவள் வாயில் ஏறியிருக்கிறது. மதராஸ் பையனோடு சண்டை போடும்போது, "நிற்க. நீ என் ஸ்லேட்டைத் தொடக்கூடாது" என்கிறாளே, அந்த ஒரு வரி போதும். அவள் யார், வீட்டில் தன்னை எந்த இடத்தில் வைத்திருக்கிறாள், யாருடைய குரலைக் கடன் வாங்கியிருக்கிறாள், எல்லாம் வந்துவிட்டது. அந்த வரியை எழுதியவர் மௌனத்தைக் கனக்கவைத்திருக்க வேண்டியதில்லை.

கடைசிப் பத்தியையும் எடுத்துவிட வேண்டும் என்பது என் தீர்மானமான எண்ணம். பெரியவளாகி, "அன்றைக்கு எனக்குப் புரியாதது இன்று புரிகிறது" என்று சொல்லிவிட்டால் அதுவரை நாங்கள் வாசித்ததற்கு என்ன பயன்?

பாகூர்:

எனக்கு இந்தப் பேச்சு போகிற திசையே பிடிக்கவில்லை. மன்னிக்கவும், வெளிப்படையாகவே சொல்கிறேன்.

அப்பாவிடமிருந்து தகவல் இல்லை. ஊரெல்லாம் செத்தான், பிழைத்தான் என்று பேசுகிறது. ஒன்பது வயதுப் பெண். அவள் ஆயாவோடு ஒட்டிக்கொண்டு படுக்க நினைப்பதை உடைமை, பதவி, பொறாமை என்றெல்லாம் நீங்கள் சொல்வது அந்தக் குழந்தைக்குச் செய்கிற அநியாயம். பயந்த பிள்ளை பெரியவர்களை ஒட்டிக்கொள்ளும். அந்த இடம் பறிபோனால் என்ன வேண்டுமானாலும் செய்யும். இது குணமில்லை அக்கா, பயம். பயத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுதான்.

இன்னொரு சந்தேகம். மதராஸுக்கு ஜப்பான்காரன் கடல்வழியாக வருவான் என்று பயந்து ஓடினவர்கள், இன்னொரு துறைமுக ஊரான கடலூருக்கா வருவார்கள்? விழுப்புரம், திருவண்ணாமலை என்று உள்ளே போயிருக்க மாட்டார்களா?

முதுநகர் வாசகி:

பாகூர் தம்பி, இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1942 ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அந்த வாரமே மதராஸ் காலியாகத் தொடங்கியது. அரசு அலுவலகங்களையே உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றினார்கள். மிருகக்காட்சிசாலையில் இருந்த சிங்கம், புலியையெல்லாம், குண்டு விழுந்தால் கூண்டு உடைந்து வெளியே வந்துவிடும் என்று சுட்டுக் கொன்றார்கள். அப்படிப்பட்ட நாட்களில் ஜனங்கள் வரைபடத்தைப் பார்த்துக் கிளம்பவில்லை, சொந்தக்காரர் வீடு எங்கே இருக்கிறதோ அங்கே போனார்கள். கதையிலும் ஆயா அதைத்தானே கேட்கிறாள்? மூட்டை முடிச்சோடு வந்து நிற்கிற மூத்த மகனைப் பார்த்து, "கடலு இங்கயும்தானேடா இருக்குது" என்கிறாள். அவரிடம் பதில் இல்லை.

அந்தச் சிங்கம் சுட்ட சேதி கதையில் வருகிற விதத்தைக் கவனித்தீர்களா? மதராஸ் பையன் கண்ணை அகல விரித்துக்கொண்டு சொல்கிறான். ஆயா "ஐயோ, வாயில்லா ஜீவன்" என்று வருந்துகிறாள். இவளுக்கு வருத்தம் வருகிறது, ஆனால் எதற்கு? அவன் சிங்கத்தைப் பார்த்திருக்கிறான். இவள் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கவும் முடியாது. இவன் எப்போதும் பார்த்தவனாகவே இருந்துவிடுவான். அவள் கேட்கிற கேள்வி, "நீ எவ்வளவு கிட்டப் போய்ப் பார்த்தே?" என்பது. செத்த சிங்கத்துக்கு ஒரு கேள்வி இல்லை.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். பயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பயம் எல்லோருக்கும் வரும். வந்த பிறகு ஒவ்வொருவரும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் ஆள் தெரியும். அதே வீட்டில் அதே பயத்தில் அந்த மதராஸ் பையன் என்ன செய்கிறான்? எச்சில் இலை எடுக்கிறான், தண்ணீர் சுமக்கிறான், எல்லோருக்கும் நல்ல பிள்ளையாக இருக்கப் பார்க்கிறான். வேற்று வீட்டில் ஒண்டிய பிள்ளையின் பயம் அப்படி. இவளோ துறைமுகத்துப் பக்கம் போய் நின்றுகொண்டு, ஜப்பான்காரன் கப்பல் வந்தால் நன்றாக இருக்குமே, வந்தால் பெரியப்பா வீட்டார் இங்கிருந்தும் கிளம்பிவிடுவார்களே என்று நினைக்கிறாள். ஊரே அழிந்தாலும் பரவாயில்லை, பாய் கிடைத்தால் சரி. இந்த வரியை எழுத உப்பனாறுக்குத் துணிச்சல் வேண்டியிருந்திருக்கும். குழந்தையைத் தெய்வமாக்கியே பழகிய நமக்கு அதை வாசிக்கவும் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

இவளை நான் வெறுக்கவில்லை தம்பி. இரண்டாவது பொய்க்கடிதத்தைப் பாருங்கள். பர்மா அரிசி வரத்து நின்று விலை ஏறியபின், ஆயா ராத்திரி சாப்பாட்டை விட்டுவிடுகிறாள், வயிறு மந்தமாக இருக்கிறது என்று சாக்கு. அதைக் கவனித்தது அந்த வீட்டில் இவள் ஒருத்திதான். அடுத்த கடிதத்தில் அப்பா, "அம்மா ராத்திரி கட்டாயம் சாப்பிட வேண்டும்" என்று எழுதிவிடுகிறார். அன்பு அங்கே இருக்கிறது. ஆனால் அந்த வரியோடு நின்றாளா? "பரிமாறுவது என் மகளாகவே இருக்க வேண்டும்" என்றும் ஒரு வரி. அன்பிலும் அதே பெண். அவள் திருந்தி நல்லவளாகி, அதன்பின் அன்பு காட்டவில்லை. இந்த இடத்துக்காகத்தான் கதையை நான் இவ்வளவு மதிக்கிறேன்.

வைசியாள் வீதி:

புதுச்சேரியிலிருந்து. கதையை நான் கேட்கவில்லை, இங்கே படித்ததை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் சொல்தா வீடுகள் எத்தனையோ. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள், இந்தோசீனாவுக்குப் போனவர்கள். கடற்கரைச் சாலையில் 1938இல் திறந்த போர் நினைவுச்சின்னம் 1914-18 போரில் இறந்தவர்களுக்காக எழுப்பியது. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று விளக்குப் போடும்போது ஊரே போய்ப் பார்க்கும். ஆனால் அந்தப் போர் எதுவும் எங்கள் தெருவில் நடக்கவில்லை. எங்கேயோ நடந்து, தபாலில் வந்து சேர்ந்தது. இந்தக் கரையில் போன நூற்றாண்டைப் பற்றிப் போர்க்கதை எழுதினால் அது பெரும்பாலும் தபாலில் வந்த போராகத்தான் இருக்கும். கடிதத்துக்குக் காத்திருப்பது, மணியார்டர், அரிசி விலை, வீட்டுக்கு வந்து தங்கும் சொந்தக்காரர்கள். இதில் குழந்தைக்குப் பெரிய இடம் உண்டு, ஏனென்றால் பள்ளிக்கூடம் போனது அதுதான்.

என் அத்தை ஒருவர். அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, ஐம்பதுகளின் தொடக்கத்தில் சைகோனில் இருந்தார். பிரெஞ்சில்தான் எழுதுவார், பட்டாளத்தில் பழகிய கை. ஆயாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. அத்தை பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். படித்துத் தமிழில் சொல்வது அவர் வேலை. உங்கள் கதைப் பெண் சேர்த்துப் படித்தாள், என் அத்தை விட்டுவிட்டுப் படித்தார். எதை விட்டார்? ஆபத்து, காயம், சாவு பற்றியதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாராம். தம்பியை, அதாவது என் அப்பாவை, தாத்தா பாராட்டி எழுதிய வரிகளை மட்டும் விட்டுவிட்டாராம். இன்றைக்கும் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருக்கும். வியட்நாமில் பிரெஞ்சுப் படையின் தியென் பியென் பூ தளம் 1954 மே மாதம் விழுந்தது, அதே வருஷம் நவம்பர் 1 அன்று புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. இத்தனை நடந்திருக்கிறது, அத்தையைக் கேட்டால் தம்பி கணக்கில் வாங்கிய பாராட்டைத் தான் மறைத்ததைச் சொல்வார். பாகூர்க்காரர் சொல்வதுபோல எல்லாப் பிள்ளையும் பயத்தில் ஒன்று என்றால், என் அப்பா அந்த நாட்களைப் பற்றிச் சொல்வதும் அத்தை சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்பா சொல்வது முழுக்கத் தாத்தா அனுப்பிய டப்பா மிட்டாய்.

மன்னார்க்கரை:

வணக்கம். நான் கீழ்ப்புத்துப்பட்டு இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தவன். இந்தக் குழுவில் எழுதுவது புதிது.

தபாலில் வந்த போர் என்று மேலே ஐயா எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எங்களுக்கு அது வீட்டு வாசலுக்கே வந்தது. அம்மா 1990இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர். அப்போது எட்டு வயது. எங்கள் போரைப் பற்றிய கதைகளில் வரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஷெல் விழும், பங்கருக்குள் ஓடும், பிணத்தைப் பார்க்கும், பேச்சு நின்றுபோகும். அது நடக்காததில்லை. அம்மாவும் பார்த்திருக்கிறார். ஆனால் அம்மா தானாக எடுத்துச் சொல்வது ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்திருக்கிறார். பரிசு திங்கட்கிழமை தருவதாக டீச்சர் சொல்லியிருக்கிறார். ஞாயிறு இரவே கிளம்பிவிட்டார்கள். "அந்தப் பரிசை ரெண்டாவதா வந்த பிள்ளைக்குக் குடுத்திருப்பினமோ?" என்று இன்றைக்கும் கேட்பார். அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று இல்லை, அம்மாவுக்கு அவள் இன்னும் ரெண்டாவதாக வந்தவள்.

சின்ன வயதில் எனக்கு இது வெட்கமாக இருக்கும். எத்தனை பேர் செத்திருக்கிறார்கள், இவர் பரிசைப் பற்றிப் பேசுகிறாரே என்று. வாசகி அக்கா எழுதியதைப் படித்த பிறகு அம்மாவை வேறு மாதிரிப் பார்க்கிறேன்.

ஆனாலும் ஒரு கேள்வி இருக்கிறது. சண்டையை நேரில் பார்த்த பிள்ளையின் கதையிலும் இப்படிச் சின்ன ஆசைகளையே முன்னால் வைத்தால், செத்தவர்களைச் சிறுமைப்படுத்தியதாகாதா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கெடிலக்கரை:

தம்பி, நல்வரவு. உங்கள் அம்மாவின் கேள்வி கதையாகவே நிற்கும், அதை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், நீங்களே எழுதுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். செத்தவர்கள் கதையில் இருந்தாக வேண்டும். பிள்ளை அவர்களைப் பார்த்தும் ஆக வேண்டும். பார்த்ததைப் பிள்ளை எந்த வரிசையில் சொல்கிறது என்பதில் எழுத்தாளன் கை வைக்கக்கூடாது, அவ்வளவுதான். உங்கள் அம்மா படகைச் சொல்லி, இருட்டைச் சொல்லி, யார் யார் ஏறவில்லை என்பதைச் சொல்லி, நடுவில் பரிசைச் சொன்னால், வாசகன் ஏறாதவர்களை மறக்க மாட்டான். அந்தப் பிள்ளை மறந்துவிட்டாளே என்று அவன் சேர்த்து நினைவில் வைப்பான். துக்கத்தைச் சுமக்கிற வேலை வாசகனுடையது. கதை சொல்கிற பிள்ளையின் தலையில் அதையும் ஏற்றினால், பிள்ளை பிள்ளையாக இருக்காது, கூட்டத்தில் பேச வந்தவர்போல ஆகிவிடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சின்ன ஆசை என்பதை ஒரு உத்தியாக எடுத்துக்கொண்டு, பென்சில், பலூன், பொம்மை என்று எதையாவது கையில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த ஆசை அந்தப் பிள்ளையை ஏதாவது செய்ய வைக்க வேண்டும், அது கொஞ்சம் தப்பானதாகவும் இருந்தால் இன்னும் நல்லது. பொம்மையைப் பறிகொடுத்து அழுகிற பிள்ளையின் முகம் எனக்கு நினைவில் நிற்பதில்லை. அடுத்தவன் பொம்மையை ஒளித்துவைத்த பிள்ளை நிற்கிறது.

உப்பனாறு:

எல்லோருக்கும் நன்றி. எழுதினவள் இடையில் பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். சில கேள்விகள் நேராகவே வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

இந்தப் பெண்ணை எழுத உட்கார்ந்தபோது போர் என் மனதில் இல்லை. வீட்டில் அவளுக்கு ஒரு பதவி இருந்தது, கடிதம் படிக்கிற பதவி. அதை அவள் எப்படி அனுபவித்தாள் என்பதுதான் முதல் இரண்டு பக்கம். குண்டு விழுவதற்கு முன்பே வாசகருக்கு அவளைத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். கார்த்திகைக் கடிதத்தைப் படிக்கும்போதே அவள் வேண்டுமென்றே மெதுவாகப் படிக்கிறாள், ஆயா "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்க வேண்டும் என்பதற்காக. அந்த இடத்தை யாரும் குறிப்பிடவில்லை. எனக்கு அது முக்கியம். போர் அவளை அப்படி ஆக்கவில்லை, அவள் அப்படி இருந்தாள். போர் வந்து அதற்கு வேலை கொடுத்தது.

கெடிலக்கரை ஐயா, "மௌனம் கனத்தது" எனக்கும் உறுத்தியதுதான், அடுத்த படியில் அது இருக்காது. கடைசிப் பத்தியை மட்டும் உடனே விட மனமில்லை. வயதான பெண் ஒருத்தி இந்தப் பொய்யை எழுபது வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து இப்போது சொல்கிறாள் என்பது அந்தப் பத்தி இல்லாவிட்டால் தெரியாதே? அந்தப் பிடிவாதமும் அவள் குணத்தில் சேர்த்திதான்.

ஆயாவுக்குத் தெரியுமா தெரியாதா என்று கூட்டத்திலும் கேட்டார்கள். அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

திருப்பாதிரிப்புலியூர்:

நான் கல்லூரியில் முதலாம் ஆண்டு. ஆயாவுக்குத் தெரியும் என்பதற்குக் கதைக்குள்ளேயே சான்று இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உண்மைக் கடிதம் வந்தபோதெல்லாம் ஆயா வெல்லம் கொடுத்தது படித்து முடித்த பிறகு. பொய்க்கடிதத்துக்கு வெல்லம் முன்னாலேயே வந்துவிடுகிறது. "இந்தத் தடவை படிக்கறதுக்கு முந்தியே வெல்லம் கெடச்சது, பெரிய துண்டு" என்று சந்தோஷமாகச் சொல்கிறாள். தேதியை மறைக்கத் தெரிந்த, ஒட்டுத்தாளைக் கண்டுபிடித்த, ஆயா ராத்திரி சாப்பிடாததைக் கவனித்த பெண் இவள். இவ்வளவு கெட்டிக்காரிக்கு இது மட்டும் ஏன் தெரியவில்லை? தன் ஜெயத்தில் இருக்கும்போது அவளுக்குக் கண் தெரியாது, எனக்கு அப்படித்தான் படுகிறது. குழந்தை என்பதால் புரியவில்லை என்று எடுத்துக்கொண்டால் மற்ற இடங்களில் புரிந்தது எப்படி? அவளுக்குப் புரியாமல் போவதும் அவள் குணத்தால்தான்.

மூன்றாவது பொய்க்கடிதத்துக்குப் பிறகு ஆயா, "உங்கப்பன் இப்பல்லாம் வீட்டு வெவரம் நல்லாத் தெரிஞ்சு எழுதறான்" என்கிறாள். இவள் அதையும் பாராட்டாக எடுத்துக்கொள்கிறாள்.

பாகூர்:

வெல்லம் என் கண்ணில் படவில்லை, தம்பிக்கு நன்றி. இந்த ஒரு இடத்தில் உங்கள் கட்சிக்கு வருகிறேன், முழுசாக இல்லை.

ஆயாவுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். தெரிந்தும் அந்தப் பையனைத் திண்ணைக்கு அனுப்பினாளே, ஏன்? பேத்தி பொய் சொல்லித்தான் கேட்கிறாள், அவ்வளவு தூரம் போய்க் கேட்கிறாள் என்றால் அவளுக்கு அது அவ்வளவு தேவை என்று நினைத்திருக்கிறாள். நான் ஆரம்பத்திலிருந்து சொல்வதும் இதுதான். வாசகி அக்கா பொறாமை என்று பார்ப்பதை ஆயா பயம் என்று பார்த்தாள். ஒரே பெண்ணை இரண்டு பேரும் பார்க்கிறீர்கள்.

முதுநகர் வாசகி:

ஆயா இரண்டையும் பார்த்திருப்பாள் தம்பி. அப்பா திரும்பி வந்த அன்று, "கொண்டாந்து காட்டுடி" என்று ஏன் கேட்டாள்? தெரிந்தவள் அதைக் கேட்டால் அது விளையாட்டாகத் தெரியவில்லை எனக்கு. பர்மாவிலிருந்து அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் லட்சக்கணக்கானவர்கள் நடந்து வந்த வருஷம் அது, வழியில் செத்தவர்கள் ஏராளம். மகன் எலும்பும் தோலுமாக வந்து உட்கார்ந்திருக்கிறான். அந்த நேரத்தில் பேத்திக்கு முதலில் வந்தது சந்தோஷமா? இல்லை, மாட்டிக்கொள்வோமே என்ற திகில். அப்பாவின் காலைப் பார்க்கிறாள், புண்ணைப் பார்க்கிறாள், உடனே பெட்டியைப் பார்க்கிறாள். அந்த வரிசையைத்தான் கெடிலக்கரை ஐயா மேலே சொன்னார். ஆயா அந்தத் திகிலைப் பார்க்க விரும்பினாள் என்று நினைக்கிறேன். கண்டிப்பு ஒருமுறையாவது தேவை என்று நினைத்திருப்பாள்.

உப்பனாறு, ஒரு வேண்டுகோள். கடைசிப் பத்தி வேண்டுமானால் இருக்கட்டும், அதில் அவள் மன்னிப்புக் கேட்கிற தொனி வேண்டாம். இந்தப் பெண் எண்பது வயதிலும் மன்னிப்புக் கேட்க மாட்டாள். தான் எவ்வளவு நன்றாகப் படித்தேன் என்றுதான் சொல்வாள்.

உப்பனாறு:

அந்தத் தொனியை மாற்றிப் பார்க்கிறேன். அடுத்த கூட்டத்தில் பத்தியோடு ஒரு படி, பத்தி இல்லாமல் ஒரு படி, இரண்டையும் கொண்டுவருகிறேன்.

பாகூர்:

நானும் வருகிறேன். வரும்போது இன்னொன்றையும் முடிவு செய்துவிட்டு வாருங்கள். பெட்டியிலிருந்து அவள் எந்தெந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள் என்று கதையில் இல்லை. எல்லாவற்றையும் எடுத்து வந்தாளா, அப்பா கையெழுத்து நன்றாகத் தெரிகிற இரண்டை மட்டும் எடுத்து வந்தாளா? வாசகி அக்கா சொல்வது சரியா, நான் சொல்வது சரியா என்பது அதில் தெரிந்துவிடும். அதை வாசகர்கள் ஊகிக்கட்டும் என்று விடாமல் கதை சொல்லியாக வேண்டும் என்பது என் வாதம்.